சஷ்டி விரதத்தில் ஒரு வாளி கிரேஃபிஷ்

கந்தசஷ்டி ஐந்தாம் நாள், சனிக்கிழமை. மீன் சட்டிகள் எல்லாம் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போய்விட்டன. மனைவி பாலும் பழமுமாக இருந்தாள். நான் மரக்கறியோடு பொறுமை காத்தேன். அன்றைக்குப் பார்த்து, மீன்பிடிப் பைத்தியமான என் கூட்டாளி லண்டன் நோர்பரியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தான். திறந்தால் பதினாலு கிரேஃபிஷ், சிங்க இறாலின் தம்பிமார் போல, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு.

“கால்வாயில பிடிச்சது மச்சான். பிரட்டலுக்குத் திறம்,” என்றுவிட்டுப் போய்விட்டான்.

நாவூறியதை மறைப்பானேன்? ஆனால் சஷ்டியில் உயிர்க்கொலையா? அப்போதுதான் அந்தப் புண்ணிய யோசனை வந்தது. மனைவி சனிக்கிழமைகளில் தொண்டு வேலைக்குப் போகும் ஓடையிலும் கிரேஃபிஷ்தானே இருக்கிறது, அங்கேயே விட்டுவிடலாம் என்று வாளியைக் காரில் ஏற்றினேன்.

அவள் நீரில் நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாளியைக் கண்டதும் பாய்ந்து வந்து மூடியை அமத்தினாள்.

“ஒரு சொட்டும் சிந்தாதேங்கோ! இது அமெரிக்கச் சாதி. இதுகளில ஒரு கொள்ளைநோய் இருக்கு. இதுகளுக்கு ஒண்டும் செய்யாது, ஆனா இந்த ஓடையில இருக்கிறது ஒண்டும் மிஞ்சாது.”

இங்கே எஞ்சியிருக்கும் இந்த நாட்டுச் சாதி கிரேஃபிஷை, அந்த வெள்ளைக் கொடுக்குக்காரரை, அவள் மூன்று வருடமாகக் காத்துவருகிறாள். நோயைப் பற்றியும் சொல்லியிருப்பாள்தான். நான் எந்த நாள் காது கொடுத்துக் கேட்டேன்!

“அப்ப கால்வாயிலயே விட்டுட்டு வாறன்.”

“ஏலாது. உயிரோட வைச்சிருக்கிறதும் குற்றம், திரும்ப விடுறதும் குற்றம். கொல்லத்தான் வேணும்.”

வீட்டுக்கு வந்ததும், “நான் செய்யிறன்,” என்று வீரம் பேசி வாளிக்குள் கையை விட்டேன். ஒன்று வாலால் படாரென்று அடித்தது, கையை எடுத்துவிட்டேன். தின்னத் தெரிந்த எனக்குக் கொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையில் முட்டைகூட உடைக்காதவள், அவற்றை ஒரு டப்பாவில் போட்டு, முருங்கையிலைப் பொதிகளை ஒதுக்கி, ஃப்ரீசருக்குள் வைத்தாள். வாளித் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஊற்றினாள். பிறகு செத்தவீட்டுக்குப் போய்வந்தவள் போலத் தலைமுழுகினாள்.

விளக்கு வைக்கும் நேரம் சாமியறையில் அவள் குரல் கேட்டது.

“முருகா, அதுகளும் உன்ர பிள்ளையள்தான். எனக்கு வேற வழி தெரியேல்லை.”

நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் கும்பிட எனக்கு முகமில்லை.