மாடிப்படியில் இலை

வளைகுடாவில் வேலை பார்ப்பவனிடம் எங்கள் ஊரில் சாவைச் சாவென்று சொல்ல மாட்டார்கள். "சுகமில்ல, ஒண்ணு வந்துட்டுப் போ" என்பார்கள். ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். விமானத்தில் தனியாக உட்கார்ந்து அழக்கூடாதே என்கிற கரிசனம். அம்மா இறந்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கருங்கல் ஊரைத் தாண்டி எங்கள் தெருவில் கார் திரும்பியபோது, வாசலில் பந்தலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் கரிசனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கொரோனா காலத்தில் மஸ்கட்டில் இருந்த எனக்குத் தங்கச்சி போன் செய்தாள். "அப்பாக்குச் சுகமில்ல அண்ணே. ஒண்ணு வந்துட்டுப் போ."

அதே வார்த்தைகள். "உண்மையச் சொல்லு" என்றேன். "சத்தியமா இருக்காரு. நெஞ்சுலதான் சளி கட்டிக் கெடக்கு" என்றாள். அம்மாவுக்கும் இப்படித்தான் சத்தியம் செய்தாள்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை, திருவனந்தபுரத்தில் இறங்கியதும் ஒன்று, களியக்காவிளை சோதனைச் சாவடியில் மறுபடியும் மூக்கில் குச்சி. ஒவ்வொரு மேசையிலும் எதற்காக வருகிறாய் என்று கேட்டார்கள். அப்பாவைப் பார்க்க என்று சொன்னேன். இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் பந்தல் இல்லை. ஆனால் அந்த நாட்களில் யார் செத்தாலும் பந்தல் கிடையாது, கூட்டம் கிடையாது, விடியுமுன்னே எல்லாம் முடிந்துவிடும். ஆகவே வாசலைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. சுகாதாரத் துறைக்காரர்கள் என்னைப் பின்பக்கத்து வெளிப்படி வழியாக மாடிக்கு ஏற்றிவிட்டு, கேட்டில் தகரம் அடித்து அறிவிப்பு ஒட்டிப் போனார்கள். அடுத்த பரிசோதனையில் நோயில்லை என்று வரும்வரை கீழே இறங்கக்கூடாது. வயதானவர் இருக்கும் வீடு, கவனம் என்றார்கள்.

கீழே ஹாலில் அப்பாவின் கட்டில். மேலே நான். நடுவில் உள்படியும் ஒரு கதவும். போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் நாளெல்லாம் தோன்றியது. அவர் இருந்தால், நான் இறங்கிப் போவதே அவரைக் கொன்றுவிடலாம். இல்லையென்றால், இனி என்ன அவசரம்? இப்படி யோசித்து யோசித்து அந்தக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

சாப்பாடு வாழையிலையில் வந்தது. நான் தொட்ட பாத்திரத்தைக் கழுவ வேண்டாமே என்று தங்கச்சி செய்த ஏற்பாடு. மேல்படியில் இலையை விரித்து, சோறும் குழம்பும் விளம்பிவிட்டு, கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவாள். ஆடி அமாவாசைக்குச் செத்துப்போன மூத்தவர்களுக்குப் படைத்துவிட்டு நாங்கள் கதவைச் சாத்துவதும் இதே மாதிரிதான். தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அப்பாவைக் காட்டு என்று போனில் நச்சரித்தேன். நெட் கிடைக்கவில்லை என்று ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினாள். கழுத்துவரை வெள்ளை வேட்டி மூடி, சுவரைப் பார்த்துக் கிடந்தார். அசைவில்லை. என்றைக்கு எடுத்ததோ.

"ஒரு வார்த்த பேசச் சொல்லு."

"மாட்டேங்காரு அண்ணே. போனக் கொண்டு போனா மொகத்தத் திருப்பிக்கிடுகாரு."

ஒருநாள் மத்தியானம் பொறுக்காமல் கதவிடுக்கில் வாயை வைத்து "அப்பா" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். கீழே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. தங்கச்சி அப்போது கடைக்கோ கிணற்றடிக்கோ போயிருக்க வேண்டும். கட்டிலில் ஆள் இருந்தால் கேட்டிருக்கும். அன்று அப்பா இல்லை என்று முடிவு செய்து, சுவரோடு சாய்ந்து நன்றாக அழுதேன்.

அழுது முடித்த சாயங்காலமே இருமல் கேட்டது. அப்பாவின் இருமல், கடைசியில் ஒரு இழுப்போடு. பிறகு கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டும் சத்தம். தண்ணீர் வேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுவார். எழுந்து இரண்டடி வைத்தேன். தட்டுவது நின்றது. நான் நின்றேன். வெகுநேரம் கழித்து மறுபடி தட்டியது. நடந்தேன். நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தினமும் இதுதான். என் காலடி கேட்டால் கீழே மூச்சே இருக்காது. சொந்தத் தகப்பனின் சத்தத்துக்குப் பயந்து கட்டிலைவிட்டு இறங்காமல் கிடந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்தேன்.

பரிசோதனை முடிவு ஒரு மத்தியானம் போனில் வந்தது. நோயில்லை. முகக்கவசத்தோடு, வெள்ளைச் சட்டையில், உள்படி வழியாக இறங்கினேன்.

கட்டிலில் அப்பா இருந்தார். கண்கள் திறந்திருந்தன. பாதியாக வற்றிப்போயிருந்தார். நான் இறங்கும் ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"கூட்டிட்டுப் போவ வந்தியா மக்கா?"

ஆஸ்பத்திரிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "எங்கப்பா?"

"ஒனக்க அம்மைக்கிட்ட."

அடுக்களை வாசலில் நின்ற தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மகன் மாடியில் இருக்கிறான், சுகமாக இருக்கிறான், இறங்கி வர முடியாது என்று அவள் சொல்லச் சொல்ல, அப்பா அதை எங்கள் ஊர் பாஷையில் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகனைப் பெட்டியில் கொண்டுவந்து முடித்துவிட்டார்கள், தன் நெஞ்சு தாங்காதென்று மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். படியில் இலை போவதைத் தினமும் பார்த்தார். தலைக்கு மேல் நடக்கும் சத்தம் கேட்டார். நான் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. செத்தவன் கூப்பிட்டால் பதில் கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறார்.

"எனக்க மவனுக்க காரியமெல்லாம் யாரு செய்தான்னு கேட்டாரு அண்ணே" என்றாள் தங்கச்சி. "சளி முத்தி ஒளறுகாருன்னு நெனச்சேன்."

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அப்பாவின் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். விரல்கள் மூக்கடியில் வந்து மூச்சுக்காகக் காத்து நின்றன.

"சூடிருக்கு" என்றார். கண்ணோரம் வழிந்தது.

முழுதாக நம்பினாரா என்று தெரியாது. அதன்பின் தினமும் காலையில் என் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கஞ்சி குடித்தார். அவர் பயம் தீரட்டும் என்று நான் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தங்கச்சி நினைத்தாள். நானும் அவர் மணிக்கட்டில் நாடியைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.