பானெட்டில் வைத்த குங்குமம்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் அட்வான்ஸைக் கொடுத்துவிட வேண்டும் என்று நாள் குறித்தவள் கோமளம்தான். மறுநாள் அஷ்டமி, அதற்கடுத்த நாள் நவமி. வண்டி பார்த்துச் சொல்ல ஒத்துக்கொண்ட மெக்கானிக் இனாயத்தோ பதினொன்றுக்கு மேல்தான் வரமுடியும் என்று சொல்லியிருந்தான். மெக்கானிக்குக்காக நல்ல நேரத்தைத் தள்ளிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. விற்கிறவர் சுப்பராமன், கபாலி கோயிலில் பார்த்துப் பழகியவர். நம்மவா ஏமாற்றமாட்டா என்று கணவர் கிச்சாவும் சொல்லிவிட்டார்.

கிச்சா வேலை பார்த்த கிண்டிக் கம்பெனியை இழுத்து மூடி இரண்டு வருஷமாகியிருந்தது. கணக்கெழுதியே ஐம்பதைத் தொட்டவரை வேறு யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த சில வயோதிகத் தம்பதிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள் கோமளம். குடும்பம் எழுந்து உட்கார்ந்தது; இன்னும் நிற்கவில்லை. இப்போது அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் சாப்பாடு கேட்டிருந்தது. திங்கட்கிழமை ஆரம்பம். பன்னிரண்டரைக்குள் சூடாக வந்து சேர வேண்டும், ஒருநாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கிருந்த மானேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஸ்கூட்டரில் அவ்வளவு அடுக்கு ஏறாது. மழையென்றால் ஆட்டோ வராது. கோமளத்தின் வளையல்களை விற்ற பணம் கிச்சாவின் கையிலிருந்த துணிப்பையில் இருந்தது. இன்னொரு முறை விற்பதற்கு வளையல் இல்லை.

ஆழ்வார்பேட்டையில் சுப்பராமன் வீட்டுப் போர்ட்டிகோவில் நீல நிற ஃபியட் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. கார்த்திகை மழை விட்டு, ஈரக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"திங்கக்கெழமைக்கப்பறம் தொடவே இல்லை. உங்களுக்காகத்தான் வெச்சிண்டிருக்கேன்" என்றார் சுப்பராமன். "பதினோரு மணிக்கு சாந்தோமிலேர்ந்து ஒருத்தர் வரார். ரொக்கமாக் கொண்டு வராராம். நீங்க முந்திண்டா சரி."

"ஸ்டார்ட் பண்ணுங்கோ மாமா, பார்த்துடலாம்" என்றார் கிச்சா.

"பொட்டு வெச்சுட்டு அப்பறம் பண்ணலாமே" என்று கோமளம் சிமிழைத் திறந்தாள். குங்குமத்தைக் குழைத்து மோதிர விரலால் பானெட்டின் நடுவில் வைத்தாள். விரல் சுட்டது.

கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து மறுபடி வைத்தாள். அன்று வெயிலே இல்லை. சுப்பராமன் சாவியைத் திருப்ப, வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. கிச்சாவின் முகம் மலர்ந்தது.

"பார்த்தேளா! நாலு நாளா நின்ன வண்டி!" என்று சொல்லி அணைத்துவிட்டு இறங்கினார் சுப்பராமன்.

ராத்திரியெல்லாம் நின்ன இன்ஜினைக் காலைல கிளப்பிப் பாருங்க மாமி, சூடான இன்ஜின் எதுவும் நல்லாதான் ஓடும் என்று இனாயத் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அவள் அவன் வருவதற்கு முந்தைய நேரத்தைக் குறித்திருந்தாள்.

"கார்த்தால வண்டிய எடுத்தேளா மாமா?"

"இல்லையேம்மா. சொன்னேனே."

கிச்சா பைக்குள் கையை விட்டார். "பத்து இருபதாயிடுத்து கோமளம். குடுத்துடட்டுமா?"

"வேண்டாம்."

"என்னது?"

"ஏன்னா, பானெட் கொதிக்கறது. ஆறட்டும். ஆறினப்பறம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்."

சுப்பராமனின் முகம் சிவந்தது. "என்னம்மா இது? கோயில்ல தெனம் பாக்கறோம், என்னைப் பொய் சொல்றவன்னு சொல்றேளா? நீங்க என்ன மெக்கானிக்கா?"

"சமைக்கறவ மாமா. அடுப்பு எரிஞ்சுதா இல்லையான்னு தெரியும்."

கிச்சா அவளைத் தனியாக இழுத்துப் போனார். "பத்தரைக்குள்ள பத்தரைக்குள்ளன்னு ஒத்தக்கால்ல நின்னவ நீதானேடி! இப்ப ராகு காலத்துல உக்காந்து இன்ஜின் ஆறக் காத்துண்டிருக்கணுமா? இதை விட்டா திங்கக்கெழமைக்கு எதுல சாப்பாட்டை எடுத்துண்டு போறது? தலைலயா?"

நல்ல நேரத்தில் வாங்கிய கெட்ட வண்டி ஒன்றும், கெட்ட நேரத்தில் நழுவவிட்ட நல்ல வண்டி ஒன்றும் மனத்துக்குள் மாறி மாறி வந்தன. எதை நம்புவது என்று தெரியாத இடத்தில் மனிதர்கள் பெரும்பாலும் பழகியதையே நம்புகிறார்கள். கோமளம் அந்தக் கணத்தில் தன் உள்ளங்கையை நம்பினாள். அதைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. உள்ளே கடிகாரம் பத்தரைக்கு ஒருமுறை அடித்தது. கிச்சா கண்ணை மூடிக்கொண்டார்.

சாந்தோம்காரர் பொய்யில்லை. சொன்ன நேரத்துக்கே வந்து இறங்கினார். ராஜநாயகம் என்று பெயர், பள்ளிக்கூட வாத்தியார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தவர் கோமளத்தைப் பார்த்து, "நீங்க வாங்க வந்தவங்களா? ஏங்க இன்னும் வாங்கல?" என்று கேட்டார்.

சுப்பராமன் அவளையே பார்த்தார். பேசாமலிருந்தால் வண்டி கைவிட்டுப் போகும். பேசினால் போட்டிக்கு வந்தவர் போவார்.

"நாங்க வரச்சே பானெட் சூடா இருந்தது சார். நாலு நாளா எடுக்கலைங்கறார். ஆறட்டும்னு இருக்கோம்."

ராஜநாயகம் தாடையைச் சொறிந்தார். "அப்ப எனக்கு வேணாம்மா. நீங்களே பாத்துக்குங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவருக்காகச் சொன்னோமா, நமக்காகச் சொன்னோமா என்பது கோமளத்துக்கே விளங்கவில்லை. பிற்பாடும் விளங்கவில்லை.

அவர் போன சற்று நேரத்தில் இனாயத் சைக்கிளில் வந்தான். "இன்னா மாமி, துட்ட குட்த்துட்டீங்களா?"

"இன்னும் இல்லைப்பா."

பானெட்டைத் தூக்கி நிறுத்தி, கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஆவணும். நா தொழுகைக்குப் போவணும் சார், பன்னெண்டுக்கு மேல நிக்க முடியாது" என்றான். நால்வரும் போர்ட்டிகோவிலேயே நின்றார்கள். யாரும் காபி கொண்டுவரவில்லை.

ஒருவழியாக இனாயத் சாவியைத் திருப்பினான். வண்டி இழுத்து இழுத்து முனகியது. மறுபடி திருப்பினான். முனகல்கூடத் தேய்ந்தது. கிச்சா பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

இனாயத் இன்ஜினுக்குள் குனிந்து ஒரு கம்பியை விரலால் தூக்கிக் காட்டினான். "சோக் கேபிள் அறுந்து கீது. சூடா இருந்தா தெரியாது, காலைல தகராறு பண்ணும். பேட்டரியும் செத்துக்கினு கீது." உள்ளிருந்த எதையோ கையால் மூடிக்கொண்டு, கிச்சாவைச் சாவி திருப்பச் சொன்னான். வண்டி இருமி, உதறி, பிடித்துக்கொண்டது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தான். நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டான்.

"இன்ஜின் பரவால்ல. நா கேரண்டின்னு சொல்ல மாட்டேன் மாமி, பழைய வண்டி. கேபிளும் பேட்டரியும் நாளைக்கே மாத்திரலாம். இந்த சில்லறை மேட்டருக்காடா நைனா ஒரு மனுசன் காலங்காத்தால வண்டிய சூடு பண்ணுவான்!"

சுப்பராமன் தூணைப் பார்த்துச் சொன்னார்: "கார்த்தால ஸ்டார்ட் ஆகலைன்னா யார் வாங்குவா? ரெண்டு பேர் பார்த்துட்டுப் போயிட்டா."

"சொல்லியிருந்தா ஒம்பது மணிக்கே வாங்கிண்டிருப்போம் மாமா" என்றாள் கோமளம். அது உண்மையா என்று அவளுக்கு நிச்சயமில்லை. பேட்டரிக்கும் கேபிளுக்கும் ஆகிற செலவைக் கழித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் கிச்சாவின் கையிலிருந்து பையை வாங்கி நீட்டினாள்.

சுப்பராமன் இரண்டடி பின்னால் போனார். "ஐயோ, ராகு காலம்மா! நான் கை நீட்டமாட்டேன்."

இனாயத் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான். பன்னிரண்டு அடிக்கும்வரை மூவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இனாயத் சனிக்கிழமையே கேபிளையும் பேட்டரியையும் மாற்றிக் கொடுத்திருந்தான். திங்கட்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை. அடுக்குகளை டிக்கியிலும் பின்சீட்டிலும் ஏற்றி முடித்ததும் கிச்சா சாவியைத் திருப்பினார். பிடிக்கவில்லை. அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை பிடித்தது. மந்தைவெளியில் தண்ணீர் தேங்கி நின்றது. கிச்சா ஓரமாக ஓட்டினார். திரு.வி.க. பாலத்தில் ஒரு பஸ் நின்றுபோய்ப் பின்னால் வரிசை கட்டி நின்ற வண்டிகளுக்கு நடுவே இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்கள். அணைத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாது.

அடையாறில் அந்த மானேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; பன்னிரண்டரை ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்; ஆவி பறந்தது. சாப்பாட்டு அறையைக் கைகாட்டினார்.

கோமளம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த அடுக்கை எடுக்க வண்டிக்குப் போனாள்.