அதிகம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை

மருந்தியல் துறையில் இருபத்தாறு வருஷம் எலிகளுக்கு ஊசி போட்டு இருபத்தொன்பது கட்டுரை எழுதியவர் அவர். அதில் பெரும்பாலானவற்றை அவரையும் பிழை திருத்தியவரையும் தவிர வேறு யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். இன்னும் இணைப் பேராசிரியர்தான். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. தன்னிடம் படித்துவிட்டு இப்போது துறைத் தலைவராக உட்கார்ந்திருப்பவரிடமே விடுப்புக் கடிதம் நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே ஓய்வு பெற்று வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று தினமும் தன்னையே கேட்டுக்கொள்வார்.

பேராசிரியர் ஆவதற்கு ஒரு படிவம் உண்டு. நம் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அதில் எண் போட வேண்டும். இருநூறு இல்லையென்றால் நேர்காணலுக்கே அழைப்பு வராது. மனிதர் பயந்துகொண்டேதான் கணினியில் தேடினார். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. கிட்டத்தட்ட முழுக்க ஒரே கட்டுரைக்கு, பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு புது தூக்க மருந்தைப் பற்றி எழுதியதற்கு. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு எதிரே வந்தவர்களில் பாதிப்பேர் அந்த எண்ணைக் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள்.

அவர் மனைவி வேறொரு கல்லூரியில் நூலகர். எண்ணைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை. படிவத்தோடு இணைக்கும் பட்டியலைத் தயார் செய்கிறேன் என்று உட்கார்ந்தவள், மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளையே எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் அவர் முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்தாள்.

அந்த மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் வேறொரு திரவத்தில் கரைத்து ஊசி போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த எலிகளுக்கோ வெறும் தண்ணீரைப் போட்டார்கள். மருந்து கலக்காத அந்தத் திரவத்தை அல்லவா போட்டிருக்க வேண்டும். எலிகளைத் தூங்கவைத்தது மருந்தே இல்லை, திரவம்தான். எப்படிச் சோதிக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாகத்தான் உலகம் முழுக்க அவர் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருமேவா?" என்று கேட்டார்.

"நான் படிச்ச நாப்பதுல முப்பத்தெட்டு பேரு."

"மீதி ரெண்டு பேரு?"

"அவங்க உங்களை நம்பிட்டாங்க."

முப்பத்தெட்டு பேர் திட்டியதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த இரண்டு பேர்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தினார்கள். கட்டுரை வெளிவந்த இதழுக்குத் திருத்தம் எழுதிவிடுங்கள் என்றாள் மனைவி. நேர்காணல் முடியட்டும், ஒரு மாதத்தில் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்றார் அவர்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்த மருந்து, எந்த எலி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டுக் கை குலுக்கினார்கள். மறுவாரம் அவர் பேராசிரியர்.

சொன்ன சொல் தவறாமல் திருத்தத்தையும் எழுதினார். இதழுக்கு அனுப்புமுன் நம்பிய இருவருக்கும் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. ஒருத்தரிடமிருந்து பதிலே இல்லை. இன்னொருத்தர் இளம் ஆய்வாளர். மூன்று வருஷ உழைப்பை அந்தக் கட்டுரையை நம்பித்தான் போட்டிருந்தார். அடுத்த மாதம் தனக்கு வேலை நிரந்தரமாவதற்கான நேர்காணல் இருக்கிறது, அதுவரை திருத்தம் வெளிவராமல் பார்த்துக்கொள்ள முடியுமா, ஒரே ஒரு மாதம்தான் ஐயா என்று கெஞ்சி எழுதியிருந்தார்.

பேராசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்படிப்பட்டவர்களால்தான் துறையே கெட்டுப்போகிறது என்றார். திருத்தத்தை அந்த நிமிஷமே இதழுக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"பாவம், ஒரு மாசம்தானே கேட்டாரு," என்றாள் மனைவி.

"அறிவியல் யாருக்காகவும் காத்திருக்காது."

"உங்களுக்குக் காத்திருந்துச்சே."

அவர் திரும்பிக் கணினியைப் பார்த்தார். அனுப்பியாயிற்று என்று திரை சொன்னது. திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று அவர் தேடவில்லை.