இரண்டு புது பஸ் ஸ்டாண்டு

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் பழசு, புதுசு என்று பிரித்துப் பெயர் வைத்துவிடுவார்கள். அப்புறம் என்ன நடந்தாலும் பெயரை மட்டும் மாற்ற மாட்டார்கள். திருச்சி ரோட்டில் முப்பது வருஷமாகப் புகை குடித்துக் கறுத்து நிற்பது புது பஸ் ஸ்டாண்டு. ஊர் நடுவே, மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், இடித்துக் கட்டி நாலைந்து வருஷமே ஆகித் தரை பளபளக்கிறதே, அது பழைய பஸ் ஸ்டாண்டு. வெளியூர்க்காரர்கள் யாராவது இதைக் கேட்டுச் சிரித்தால் துரைராசுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கட்டடம் மாறினா பேரு மாறிடுமா? பழசு பழசுதாங்க" என்பார்.

அவருக்கு அந்த உரிமை உண்டு. முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை "பழைய பஸ் ஸ்டாண்டு எல்லாம் இறங்கு" என்று கூவிய தொண்டை. மனைவி பிரகதாம்பாள் போய் ஏழு வருஷமாகிறது. கீழவாசலில் ஒரு போர்ஷனில் தனியாக இருக்கிறார். அரை ஆழாக்கு அரிசி இரண்டு வேளைக்குப் போதும். சில நாட்களில், டீக்கடையில் "சக்கரை கம்மியா" என்று சொன்னதைத் தவிர வாயைத் திறக்க வேலையே இருக்காது. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து டி.வி.க்குப் பதில் சொல்வார்.

அதனால்தான் காலை ஒன்பது மணிக்கெல்லாம் மணிக்கூண்டுப் பூங்காவில் வந்து உட்கார்ந்துவிடுவது. நாலு பேர் வழி கேட்பார்கள் என்ற ஆசை. வழி கேட்டவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். சோழர் தலைநகரில் தொடங்கி, நாயக்கர் கோட்டை, அகழி, மராத்தியர் அரண்மனை, ராணிகள் எழுப்பிய மணிக்கூண்டு, கடைசியில் பட்டுக்கோட்டை வண்டி எந்த வேப்பமரத்தடியில் நின்றது என்பது வரைக்கும் வந்துதான் நிறுத்துவார். கழிப்பறை எங்கே என்று கேட்ட ஒருவரை நாயக்கர் காலம்வரை பிடித்து வைத்திருந்தார். மராத்தியர் வருவதற்குள் அந்த மனிதர் ஓடிவிட்டார். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டே நேராகப் போய்விடுகிறார்கள்.

மகன் செந்தில்குமார் சிங்கப்பூரில் இருக்கிறான். பேத்தி பூர்ணிமாவுக்கு எட்டு வயது. மூன்று வயதில் ஒருமுறை பார்த்தது. அப்புறம் போனில் நெற்றியும் மூக்கும்தான். போன மாசம் மருமகள் மாலதியின் தங்கை கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் வந்தார்கள். நாலே நாள் லீவு. துரைராசுவுக்கு அப்போது பார்த்து காய்ச்சல், போக முடியவில்லை. திரும்பிப் போகிற அன்று, திருச்சி ஏர்போர்ட் போகும் வழியில் ஒரு மணி நேரம் தஞ்சாவூரில் நிற்பதாக ஏற்பாடு.

"வீட்டுக்கு வர நேரமிருக்காதுப்பா" என்றான் செந்தில்குமார்.

"வீடு எதுக்கு? மணிக்கூண்டுகிட்ட வாங்க. பாப்பாவுக்கு ஊரைக் காட்டிடறேன்" என்றார்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். எட்டு வயசுப் பெண்ணுக்கு ராஜாக்கள் போரடிக்கும், ராணிகளில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தார். அன்று எட்டு மணிக்கே சலவைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. மாலதி.

"மாமா, வந்துட்டோம். புது பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்கிறோம். வண்டி நிறுத்த வேற இடமில்லையாம். நீங்க இங்க வந்துடறீங்களா?"

"இதோ வந்துட்டேம்மா."

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நாகப்பட்டினத்து வண்டி பைபாஸைப் பிடித்து, ஊருக்குள் வராமலே புது பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறது. நேரமில்லாதவர்கள் அப்படித்தானே செய்வார்கள்? ஓடிப்போய் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். மாலதியோ தரை மினுங்கிய ஒரு புதுக் கட்டடத்தைப் பார்த்தாள், புது பஸ் ஸ்டாண்டு என்று சொன்னாள். கண்ணால் பார்த்ததைச் சொல்வது ஒரு தப்பா? பெஞ்சிலிருந்து எழுந்து நூறு தப்படி வைத்திருந்தால் பேத்தியின் கையைப் பிடித்திருப்பார்.

நெரிசலில் ஊர்ந்த பஸ் போய்ச் சேர முக்கால் மணி ஆயிற்று. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்தார். டாக்ஸி நிறுத்தம், பழக்கடை வரிசை, மறுபடி டாக்ஸி நிறுத்தம். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "என்ன பெரியவரே?" என்றார். சுற்றிலும் ஹாரன். சட்டைப் பையில் போன் அடித்தது அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழவே இல்லை. எடுத்துப் பார்த்தபோது ஏழு மிஸ்டு கால். மகனைக் கூப்பிட்டார்.

"எங்கப்பா போனீங்க? மணிக்கூண்டு, பஸ் ஸ்டாண்டு, எல்லாம் தேடிட்டோம். ஒரு மணி நேரமா நின்னோம்."

"புது பஸ் ஸ்டாண்டுலதானப்பா நிக்கிறேன்! மாலதி இங்கதானே வரச் சொல்லிச்சு?"

அந்தப் பக்கம் மாலதியின் குரல், "ஐயோ, நாங்க நின்னது பழைய பஸ் ஸ்டாண்டா?" என்றது. செந்தில்குமார் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "வல்லம் தாண்டிட்டோம்பா. இப்பவே லேட்டு. திரும்பினா ஃப்ளைட் போயிடும்."

திருச்சிப் பக்கம் வல்லம் தாண்டிவிட்டார்கள் என்றால் இந்த ரோட்டு வழியாகத்தான் போயிருக்கிறார்கள். அவர் பழக்கடை வரிசையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறார்கள்.

"பரவால்லப்பா. நீங்க ஜாக்கிரதையா போங்க" என்றார். "பாப்பாகிட்ட குடு."

பூர்ணிமா மூச்சு விடாமல் பேசினாள். "தாத்தா, நான் மணிக்கூண்டு பார்த்தேனே! அதை ராணிங்கதான் கட்டினாங்க. முன்னாடி இங்க பெரிய கோட்டை இருந்துச்சாம், சுத்தி அகழியாம். நீங்க வர்ற வரைக்கும் அப்பா சொல்லிட்டே இருந்தாங்க. அப்பாவைச் சின்னப்பிள்ளைல உங்க பஸ்ல முன் சீட்ல உக்கார வெச்சு நீங்க சொன்னீங்களாமே? அந்த வேப்பமரம் இருந்த இடம்கூடக் காமிச்சாங்க. இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் தாத்தா. எல்லாம் தெரியும்."

"கெட்டிக்காரி" என்றார் துரைராசு.

வேறு என்ன சொல்வது என்று யோசித்தார். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.