நாலு விரல் குறைந்த ரிப்பன்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். லிஃப்டில் யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று ஒன்பதாவது மாடி வரை யோசித்துக்கொண்டே போவேன். இது பிறவிக் குணமா, ஜிம்னாஸ்டிக்ஸ் கொடுத்த குணமா என்று என் கணவர் கேட்பார். கேட்பதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று அதையும் யோசிப்பேன்.

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவர் யார் என்று கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படியில்லை. வளையம், பந்து, கட்டைகள், ரிப்பன் என்று ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு இசைக்கு ஒன்றரை நிமிடம் ஆடுவோம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணால் பார்த்துப் புள்ளி போடுவார்கள். அந்தக் கண்ணை எப்படி நம்புவது? எந்த நடுவர் எந்தப் பயிற்சியாளரோடு டீ குடித்தார், எந்தப் பெண்ணின் அப்பா யாருக்குக் கார் கதவைத் திறந்துவிட்டார் என்பதையெல்லாம் ஏழு வயதிலேயே கவனிக்கக் கற்றுக்கொண்டேன். கால்களைத் தரையோடு தரையாக விரிக்கக் கற்றுக்கொண்டதும் அதே வருடம்தான்.

நாங்கள் துவாரகாவில் இருந்தோம். அப்பாவுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. மெட்ரோவில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். நான் பயிற்சி செய்யும் மூன்று மணி நேரமும் ஹாலின் படிக்கட்டில் உட்கார்ந்து மற்ற அம்மாக்களை உளவு பார்ப்பாள். திருநெல்வேலிக்காரி. "அந்த சிவப்புச் சால்வக்காரி மேடத்துக்கு டிபன் பாக்ஸ் கொடுக்கா. என்னத்துக்குன்னு நெனைக்க?" என்பாள். நாங்கள் இருவரும் திரும்பும் வழியெல்லாம் அதையே அலசுவோம். மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஹாலுக்கு இன்னொரு தமிழ்ப் பெண் வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் வீடு. அவள் அம்மா நாலு வீடுகளில் வேலை செய்தாள். கார்ப்பரேஷன் பள்ளி விழாவில் அவள் வளைந்து ஆடியதைப் பார்த்து எங்கள் பயிற்சியாளரான மேடம் அழைத்து வந்திருந்தார். மேடம் பஞ்சாபி, கண்டிப்பானவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் நாங்கள் இருவரும் வார்ம்-அப் செய்துகொண்டே அவரைப் பற்றி அவர் முன்னாலேயே தமிழில் பேசுவோம். என்னை 'அக்கா' என்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் மூன்றே வருடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றபோது, அந்தப் பிடித்தம் குறைய ஆரம்பித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பதினைந்து வயது. ஜூனியர் தேசியப் போட்டிக்கு தில்லி அணியிலிருந்து தனிநபர் பிரிவில் ஒரே ஒரு இடம். அடுத்த வருடம் நான் சீனியராகிவிடுவேன். ஜூனியர் சாம்பியன் ஆக எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வுப் போட்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் போட்டி என்று எல்லோருக்கும் தெரியும்.

ரிப்பனில் சுருக்கம் விழுந்தால் காற்றில் சுருள் சரியாக வராது. அதனால் போட்டியன்று காலையில் எல்லோருடைய ரிப்பனுக்கும் இஸ்திரி போடுவோம். உடை மாற்றும் அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அவளுக்குக் கைப்பக்குவம் அதிகம். சாட்டின் துணி கருகாமல் தேய்ப்பாள். அன்றும் அவள்தான் எல்லோருடையதையும் தேய்த்தாள், என்னுடையதையும். பத்து நிமிடம் என் ரிப்பன் அவள் கையில் இருந்தது.

நன்றாகத்தான் ஆடினேன். ஆடி முடித்து வெளியே வந்ததும் ஒரு அதிகாரி ரிப்பனை வாங்கித் தரையில் நீட்டி டேப் வைத்து அளந்தார். ஜூனியருக்கு ஐந்து மீட்டர் இருக்க வேண்டும். நாலு விரல்கடை குறைந்தது. அபராதப் புள்ளியைக் கழித்தார்கள். அதைவிடச் சின்ன வித்தியாசத்தில் அவள் முதலிடத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. எல்லாம் பளிச்சென்று புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். நேரே மேடத்திடம் போய் இந்தியில் சொன்னேன்: காலையில் ரிப்பன் இவளிடம் இருந்தது, இவள்தான் வெட்டியிருக்கிறாள். மேடம் எல்லோர் முன்னாலும் அவள் பையைத் தரையில் கொட்டினார். பிளாஸ்திரி வெட்டும் கத்தரிக்கோல் விழுந்தது. எங்கள் எல்லோர் பையிலும் அது இருந்தது. ஆனால் அன்று கொட்டப்பட்டது அவள் பை மட்டும்தான்.

"நான் வெட்டலக்கா. சாமி சத்தியமா நான் வெட்டல" என்றாள். பிறகு மேடத்தைப் பார்த்து இந்தியில் சொன்னாள்: நுனியில் மடித்துத் தைத்திருக்கிறது, பாருங்கள், வெட்டினால் தையல் எப்படி வரும்?

மேடம் என்னைப் பார்த்தார். நியாயமான கேள்விதான். சந்தேக புத்திக்காரர்களிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். "தைத்ததும் அவள்தான் மேடம். அவள் பையில் ஊசியும் இருக்கிறது" என்றேன். இருந்தது, உடையில் உதிர்ந்த சமிக்கிகளைத் தைக்க வைத்திருந்தாள். மேடம் தலையாட்டினார். அவளுடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். அவளை ஒரு வருடம் எந்தப் போட்டியிலும் சேர்ப்பதில்லை என்று எழுதினார்கள். அவள் அழுதாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

தேசியப் போட்டிக்கு ரயிலேற நாலு நாள் இருந்தது. புது ரிப்பன் வாங்கியிருந்தோம். பயிற்சியில் அதன் நுனி நூல் பிரிய ஆரம்பித்திருந்தது. அன்று பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரிப்பன், கையில் கத்தரிக்கோல்.

"நூலு பிரிஞ்சு தொங்குதுல்லா, பாக்க அசிங்கமா இருக்கு. போன தடவ மாதிரி நறுக்கிட்டு மடிச்சு அடிச்சுத் தாரேன்."

"போன தடவன்னா?"

"பழைய ரிப்பனத்தான் சொல்லுதேன். ரெண்டு தடவ நறுக்கித் தச்சேன், உனக்குத் தெரியவே இல்ல பாத்தியா" என்று பெருமையாகச் சிரித்தாள்.

எட்டு வருடம் ஹாலின் படிக்கட்டில் உட்கார்ந்து யார் யாரோடு பேசினார்கள் என்று பார்த்த அம்மாவுக்கு, ரிப்பனை அளப்பார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை. தேர்வுப் போட்டி அன்றும் நான் சொன்னது 'அவ வெட்டிட்டா' என்பது மட்டும்தான். யாரோ குறுக்கே கிழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மா அந்தப் பெண்ணை மெட்ரோவில் வாயாரத் திட்டியபடி வந்தாள். ரிப்பன் அளவு குறைந்ததால்தான் புள்ளி போனது என்று நான் இப்போது சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இப்பம் போய்ச் சொன்னா அந்த மேடம் நம்புவாளா? நாமளே வேணும்னு செஞ்சோம்னு சொல்லுவா. உனக்குள்ளதும் போயிரும். ஏட்டி, பேசாம இரு."

அம்மா சொன்னதால்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதினால் அது பொய். அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். நாலு நாள் இருந்தது. ஒரு போன் செய்தால் போதும். செய்யவில்லை.

போனேன். தங்கம் வாங்கினேன். ஜூனியர் சாம்பியன் என்று பேப்பரில் படம் வந்தது. படத்தில் நான் ரிப்பனைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சீனியரில் இரண்டு முறை தேசிய சாம்பியன். பத்தொன்பது வயதில் இடுப்பு மூட்டு கைவிட்டது. குர்கானில் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு முறை மேடையில் ஏறி நின்றபோதும் கூட்டத்தில் ஒருவர் எழுந்திருப்பதைப் பார்த்தால் அவள்தானோ என்று தேடுவேன். பாத்ரூமுக்குப் போக எழுந்தவர்களாக இருப்பார்கள். அவள் திரும்பி ஹாலுக்கு வரவேயில்லை. தடை முடிந்த பிறகும் வரவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு பள்ளிகளுக்கான போட்டியில் பரிசு கொடுக்க, பழைய சாம்பியன் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சீக்கிரமே போய்விட்டேன். ஹாலின் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது "அக்கா" என்ற குரல் கேட்டது. அவள்தான். ஒரு தனியார் பள்ளியில் பயிற்சியாளராக இருக்கிறாள். ஐந்து சின்னப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கேம்ப்பை இடித்துவிட்டார்கள், நரேலாவுக்குப் போய்விட்டோம், இங்கே வர இரண்டு மணி நேரம் ஆகிறது என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. சுருட்டிய ஐந்து ரிப்பன்களை என் பக்கத்தில் பெஞ்சில் வைத்து, "கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா, ஷூ மாத்திட்டு வந்துர்றேன்" என்று போனாள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எங்கள் அம்மாதான் வெட்டித் தைத்தாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் கோபப்படவில்லை. "இஸ்திரி போடும்போதே அந்தத் தையலப் பாத்தேன்க்கா. வீட்ல யாரோ தச்சிருக்காங்கன்னு தெரியும். உங்களுக்குப் பின்னாடி எப்பனா தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும், எப்படிச் சொல்றதுன்னு இருந்திருப்பீங்கன்னு நெனச்சேன். எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "எப்பக்கா தெரிஞ்சுது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவும் நினைத்தேன்.

"நேஷனல்ஸுக்கு நாலு நாள் முன்னாடி."

அவள் என்னையே பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக என் பக்கம் நின்று அவள் யோசித்து வைத்திருந்த காரணம் முகத்திலிருந்து போவதை நான் பார்த்தேன். "அச்சா" என்றாள். மைக்கில் அவள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். என் பக்கத்தில் வைத்திருந்த ரிப்பன்களை எடுத்தாள். ஒவ்வொன்றின் நுனியையும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஐந்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.