படித்துக் காட்டாத பக்கம்

அன்று காலை நான் முதலில் செய்தது, மகளின் கைக்கடிகாரத்தைத் தேடியது. அது இல்லாமல் அவள் கல்லூரிக்குக் கிளம்ப மாட்டாள். ஃப்ரிட்ஜின் மேல் கிடந்ததை எடுத்துக் கொடுத்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, முன்பு என்னோடு வேலை செய்த ரமணி அழைத்தாள்.

"தேவி, சலோமி அக்கா தவறிட்டாங்க. எளாவூர் ஊட்லதான் வெச்சிக்கிறாங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அழுகை வரவில்லை. இனி அவரிடம் எதையும் கேட்க முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு அஞ்சலியில் இந்த வரி உறுத்தலாம். தெரிந்தே எழுதுகிறேன்.

தேர்வாய் கண்டிகைப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து, அப்பா அம்மா இருவருமே ஷிஃப்டுக்குப் போகத் தொடங்கிய வீடுகளில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், படிப்பில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அறியத்தான் அக்காவின் தலைமையில் ஊர் ஊராகப் போனோம். "புள்ளைக்கு சொல்லிக் குடுக்கிறியான்னு கேக்காத. எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. நேத்து சாயந்திரம் புள்ள யார்கிட்ட பேசுச்சு, இன்னா பேசுச்சுன்னு கேளு" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் பல அம்மாக்கள் கையில் இருக்கும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா அவசரப்படுத்த மாட்டார்.

அவர் வைத்திருந்த வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுதியதை அந்த அம்மாவுக்கே படித்துக் காட்டாமல் எந்த வீட்டிலிருந்தும் எழுந்திருக்கக் கூடாது. கணவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதில்லை என்று ஒரு பெண் சொல்லியிருந்தாள். படித்துக் காட்டியதும் பதறிப்போனாள்.

"அந்த வரிய எடுத்துடுக்கா. மாமியாருக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும்."

"உன் மாமியாருக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றார் அக்கா.

"அதுக்குத் தெரியாது. படிச்சிக் காட்ட ஊரே கீது."

அக்கா சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தார். அடித்ததையும் அவளிடம் காட்டினார். எங்களுக்கு மிகவும் வேண்டியிருந்த வரி அது. பஸ்ஸில் நான் முணுமுணுத்தபோது, "அது அவ ஊடு தேவி. நம்ம காகிதம் இல்ல" என்றார். அதைக் கேட்டபின் அவர் எங்கே கூப்பிட்டாலும் போயிருப்பேன்.

அந்த நம்பிக்கையில்தான் ஒருநாள் எளாவூர் சோதனைச்சாவடிக்கு எதிரே, லாரிகள் வரிசையில் நின்றிருக்க, டீ குடித்தபடி என் வீட்டுக் கதையைச் சொன்னேன். என் கணவருக்கு அப்போது வெளியூரில் வேலை. மகளுக்கு ஆறு வயது. பள்ளி விட்டு வந்ததும் பக்கத்து வீட்டம்மா அவளை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிடுவார். மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுத் திரிந்துவிட்டு நான் ஆறு மணிக்குத்தான் வருவேன். அதுவரை அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் "டைம் இன்னா?" என்று கேட்பாளாம். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆறானால் அம்மா வருவாள் என்பது மட்டும் தெரியும். சொல்லி முடித்ததும், இது உங்களோடு இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறு ஆண்டு அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான பயிற்சியில், இந்த வீடுகளைப் பற்றிய எங்கள் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தை வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. பாதி வாசித்த பிறகுதான் புரிந்தது. ஜன்னலில் நின்று மணி கேட்கும் சிறுமி. பெயரை மட்டும் அக்கா மாற்றியிருந்தார். நிறுத்த முடியாமல் வாசித்து முடித்தேன். முன்வரிசையில் ஒரு பெண், "அதெல்லாம் ஒரு அம்மாவா? புள்ளய உள்ள வெச்சிப் பூட்டிக்கினு போவ எப்டி மனசு வந்துச்சு?" என்றாள். பயிற்சி கொடுக்க வந்த நான்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு வேறு வழி தெரிந்திருக்காது என்றேன்.

வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன்.

"கேட்டிருந்தா நீ வேணாம்னிருப்ப" என்றார். "அந்த ஒரு பக்கத்தப் படிச்சிட்டுத்தான் ஆபீசர் கையெழுத்துப் போட்டாரு."

"எல்லாருக்கும் படிச்சிக் காட்டினீங்களே அக்கா."

"நீ நம்ம ஆளாச்சே தேவி."

ஆபீசரைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கையெழுத்தால் இரண்டு ஊர்களில் மாலை நேரக் காப்பகம் வந்தது. ஒருநாள் அங்கே போய் வாசலிலேயே நின்று பார்த்தேன். ஓர் ஆயா பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அன்று பள்ளியில் நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ் வந்து நின்றதும் பிள்ளைகள் அம்மாவைத் தேடி ஓடினார்கள். மனம் நிறைந்தது. கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டேன். அதன் பிறகு கல்யாண வீடுகளில் பார்த்தால் மகள் என்ன படிக்கிறாள் என்று அக்கா விசாரிப்பார். அந்தப் பக்கத்தைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. மன்னிப்பு என்ற சொல்லும் அவரிடமிருந்து வரவில்லை.

அடக்கம் முடிந்த பின் ரமணி என்னைத் தனியே அழைத்தாள். அக்காவின் நினைவாக அந்த அறிக்கையைப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். முன்னால் சேர்க்க என் அஞ்சலி வேண்டுமாம். சரி என்றேன். ஜன்னல் சிறுமியின் பக்கத்துக்கு முன்பாகவே இந்த அஞ்சலி வரும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சலோமி அக்காவிடமிருந்து நான் எனக்கென வைத்துக்கொள்வது, எழுதியதைப் படித்துக் காட்டும் அந்த வழக்கத்தைத்தான். என் விஷயத்தில் அவரே அதை மீறினார். அதனால் அந்த வழக்கம் தவறாகிவிடவில்லை. இதை எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. அக்கா என்னைக் கேட்கவில்லை என்று இத்தனை வருடம் மனதுக்குள் குமைந்த நான், டீக்கடையில் சொல்வதற்கு முன் என் மகளைக் கேட்கவில்லை. ஜன்னலில் நின்றவள் அவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, முதலில் அந்தப் பக்கத்தையும் பிறகு இதையும் படித்துக் காட்டப்போகிறேன். அவளிடமோ ரமணியிடமோ இன்னும் சொல்லவில்லை. மகள் வேண்டாம் என்கிற வரியை அவள் கண்முன்னே அடிப்பேன். அந்தப் பக்கமே புத்தகத்தில் வேண்டாம் என்றால், ரமணியிடம் போய் அதையும் நானே சொல்வேன்.