ரெண்டு தட்டு

பிள்ளைகளா, நேற்று ஹட்டனில் ஜியு ஜிட்சு வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது, உங்கள் சார் நல்ல கோச்சா இல்லையா என்று இரண்டு பேரும் அடித்துக்கொண்டீர்கள். சாருக்கு மெடல் இல்லை என்றான் மூத்தவன். சாருக்குப் பெரிய கை என்றாள் சின்னவள். அப்பா அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் உரிமை உண்டு. நான் பார்த்த மிக நல்ல கோச்சுக்கு மெடலும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. பழைய சுடிதாரும் அதற்கு மேல் ஒரு சுவெட்டரும்தான். அது என் சித்தி.

எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மாவின் தங்கையான சித்தி, அபுதாபியில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அந்த வீட்டில் இரண்டு பையன்கள். தினமும் அவர்களை ஜியு ஜிட்சு வகுப்புக்குக் கூட்டிப்போய், முடியும்வரை தண்ணீர்ப் போத்தலோடு மூலையில் உட்கார்ந்திருப்பது சித்தியின் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு, படித்ததைப் பழகிப் பார்க்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் சித்திதான்.

எனக்கு இருந்த பிரச்சினை மேல் லயத்துக் கங்காணியின் மகன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே உள்ள புல்திட்டில் என்னைத் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வான். "ஆடு மாதிரிக் கத்துடா" என்பான். நான் மூன்று தரம் "மே" என்று கத்த வேண்டும். கத்தியதும் இறங்கி, புத்தகப் பையைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவான். வேடிக்கை பார்க்க வகுப்பே நிற்கும். வரவர எனக்கு மே நன்றாக வந்தது. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஒரு நாள் அழுதுகொண்டே சித்தியிடம் சொன்னேன். சித்தி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"நெஞ்சு மேலயா உக்காருறான், வயித்து மேலயா?" என்று கேட்டார்.

அன்றைக்கே வகுப்பு தொடங்கியது. எங்கள் வீட்டின் ஒரே அறையான காம்பராவில் சாக்குகளை விரித்தோம். ஜியு ஜிட்சுவுக்குப் போடுகிற தடித்த சட்டைக்குப் பதிலாக, என் அப்பா காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போட்டுப்போகும் கோட்டை எடுத்துக்கொண்டோம். முதல் நாள் முழுக்கச் சித்தி சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று.

"முடியலன்னா ரெண்டு தட்டு தட்டணும். தரையில தட்டு, ஆள் மேல தட்டு, எங்க வேணா தட்டு. தட்டினா, அந்த நிமிஷமே விட்டுரணும். வெளங்குதா?"

"வெளங்குது சித்தி. எப்ப அடிக்கச் சொல்லித் தருவீங்க?"

"இது அடிக்கிறது இல்லடா. தட்டு."

தட்டினேன். பொழுது சாயும்வரை தட்டினேன்.

மறுநாளிலிருந்துதான் மற்றது. சித்தி எதையும் நின்றுகொண்டு சொல்லமாட்டார். தானே மல்லாந்து படுத்துக்கொண்டு என்னை மேலே ஏறச் சொல்வார். "முட்டைமேல கோழி உக்காந்த மாதிரி உக்காந்திருக்க. பாரத்த முன்னால கொண்டா. ஆ, இப்பத்தான் மூச்சு முட்டுது, நல்லாருக்கு" என்பார். பிறகு என் கையைப் பிடித்து, அதே பக்கத்துக் காலை அடைத்து, இடுப்பைத் தூக்கி ஓர் உருட்டு. நான் அடுப்படியில் கிடப்பேன்.

அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து வாசலில் நின்றார். "ஏன்டி, ஆறு வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு எம்புள்ள கழுத்த நெரிக்கவா வந்த?"

"இது ஸ்போர்ட்டுக்கா."

அந்த ஸ்போர்ட்டில், இரண்டு கைகளாலும் கோட்டுக் காலரைக் குறுக்காகப் பிடித்து இறுக்குவதைக் காட்டித்தரும்போது, காலர் கையோடு வந்துவிட்டது. மறுநாள் காலரில்லாத கோட்டோடு அப்பா பெரட்டில் நின்றார். "என்னப்பா, கோட்ட ஆடு மேஞ்சிருச்சா?" என்று வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையா கேட்டாராம். வீட்டில் ஆடு என்ற பேச்சு அன்றைக்கு யாருக்கும் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த நாள் வந்தது. கங்காணி மகன் வழக்கம்போல ஏறி உட்கார்ந்தான். "கத்துடா." நான் கத்தவில்லை. கையைப் பிடித்தேன், காலை அடைத்தேன், இடுப்பைத் தூக்கினேன். மலை புரண்டது. நான் மேலே, அவன் கீழே! அவனும் தன் அப்பாவின் பழைய கோட்டைத்தான் போட்டிருந்தான். காலரைக் குறுக்காகப் பிடித்து இறுக்கினேன். பையன்கள் கூச்சல் போட்டார்கள். அவன் முகம் சிவந்து, புல்லில் கையைப் போட்டு அடித்தான். கூச்சல் இனிப்பாக இருந்தது. நான் இன்னும் இறுக்கினேன்.

யாரோ என் சட்டையைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த சித்தி. கையெல்லாம் சவர்க்கார நுரை.

"தட்டினான்ல? ஏன் விடல?"

"அவனுக்குத் தட்டுறதுன்னா என்னன்னே தெரியாது சித்தி. சும்மா கைய ஆட்டினான்."

"நீ மேன்னு கத்துனா அவன் எறங்குனானா இல்லையா?"

"எறங்குனான்."

"அவனுக்கு எவன்டா சொல்லிக் குடுத்தான்?"

பையன்கள் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. கங்காணி மகனை உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்து, "நாளையில இருந்து நீயும் வா" என்றார்.

அவனும் வந்தான், கையில் ஒரு முட்டைக்கோஸோடு! முதல் நாளே என்னைக் கீழே படுக்கச் சொல்லி, அவனை என் நெஞ்சின் மேல் ஏறச் சொன்னார் சித்தி. இதற்கு நான் பழையபடி ஆடாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அவன் நல்ல மாணவன். நான் ஒரு விரலை அசைத்தாலும் பதறி எழுந்துவிடுவான். ஒரு கிழமையில் நாங்கள் கூட்டாளிகள்.

ஒரு சாயங்காலம் சாக்குகளை மடிக்கும்போது கேட்டேன்.

"சித்தி, அபுதாபில நீங்க தட்டினா அந்தப் பையனுங்க விட்டுருவாங்களா?"

சித்தி கோட்டை உதறினார். காலர் தைத்த இடத்தை விரலால் நீவிப் பார்த்தார்.

"சின்னப் புள்ளைங்கதானே. அவங்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் நானும் எதையும் விட்டுவிட்டு ஓடுகிறவன்தான்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பிறகு, காம்பராவில் நான் மட்டும் இருந்தேன். மூலையில் அரை மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, மூட்டையை நெஞ்சின் மேல் சாய்த்துக்கொண்டேன். தரையில் ரெண்டு தட்டு தட்டினேன். மூட்டை இறங்கவில்லை; சாப்பிடக் கூப்பிடவும் யாரும் இல்லை. மறுபடியும் ரெண்டு தட்டு தட்டினேன்.